பரமட்டாப் பண்ணையின் தாய்: எலிசபெத் மக்கார்தர் அம்மையாரும் அவர் குடும்பமும்

முன்னுரை

திருச்சபை வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களையே மனனம் செய்கின்றனர். பேராயர்கள், மிஷனரிகள், ஆளுநர்கள், சங்கச் செயலர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலே வரலாறு என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அப்பட்டியலுக்கு வெளியே, வயலையும் மந்தையையும் வீட்டையும் தாங்கி நின்ற பெண்கள் பலர் உளர். அவர்களுள் ஒருவரை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1966-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசு வெளியிட்ட இரண்டு டாலர் தாளில் ஜான் மக்கார்தர் என்பவரின் உருவமும் மெரினோ ஆட்டின் உருவமும் அச்சிடப்பட்டிருந்தன. 1988-இல் அத்தாளுக்குப் பதிலாக நாணயம் வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது. அந்நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பள்ளி நூல்கள் அவரைப் போற்றின. ஆனால், அத்தொழில் வேர்கொண்ட காலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அவர் அந்நாட்டிலேயே இருந்ததில்லை. மந்தையைக் காத்தவரும், கணக்கெழுதியவரும், கம்பளியைக் கப்பலேற்றியவரும் அவருடைய மனைவி எலிசபெத் அம்மையாரே. இவ்வுண்மையை எடுத்துரைப்பது நம் முதல் நோக்கம். அப்பண்ணை நின்ற நிலம் யாருடையது என்ற வினாவையும் எழுப்பாவிடில் உண்மை பாதியாகவே நின்றுவிடும். ஆகவே அதனையும் காண்போம்.

1. குருமனையில் வளர்ந்த உழவர் மகள்

எலிசபெத் வீல் 1766-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தின் பிரிட்ஜ்ரூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் வீல் ஓர் உழவர். மகள் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் காலமானார். சில ஆண்டுகளில் தாய் மறுமணம் செய்துகொண்டார். அதன்பின் எலிசபெத் தம் தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்திலும், பிறகு அவ்வூர்க் குருவானவரான ஜான் கிங்டன் ஐயரின் குருமனையிலும் வளர்ந்தார்.

உழவர் வீட்டுப் பெண்களுக்கு அக்காலத்தில் கிட்டாத கல்வி குருமனையில் அவருக்குக் கிட்டியது. தெளிவாக எழுதவும், கூர்ந்து கவனிக்கவும், கவனித்ததைப் பிறர் உணருமாறு விவரிக்கவும் அவர் அங்கே கற்றார். குருவானவரின் மகள் பிரிட்ஜெட் அவருடைய உற்ற தோழியானார். பிற்காலத்தில் எலிசபெத் அம்மையார் இத்தோழிக்கு எழுதிய கடிதங்கள், ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளை அறிய நமக்குள்ள சிறந்த சான்றுகளுள் அடங்கும். இன்று அக்குடும்பத்தின் ஏடுகள் சிட்னி நகர அரசு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. குருமனைகளில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசுவது அரிது. எனினும் ஒரு குருமனை மேசையில் கற்பிக்கப்பட்ட எழுத்து ஒரு கண்டத்தின் வரலாற்றுக்கே சான்றாக அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1788-ஆம் ஆண்டு எலிசபெத், ஜான் மக்கார்தர் என்னும் இளம் படை அலுவலரை மணந்தார். மணமகனிடம் செல்வம் இல்லை, செல்வாக்கும் இல்லை. துணிவும் செருக்கும் சினமும் மட்டும் மிகுதியாக இருந்தன. அடுத்த ஆண்டில் மூத்த மகன் எட்வர்ட் பிறந்தான். அவ்வாண்டே, புதிதாக நிறுவப்பட்ட நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் ஜான் சேர்ந்தார்.

2. கடலில் ஒரு கல்லறை

நியூ சவுத் வேல்ஸ் அக்காலத்தில் நாடு கடத்தப்பட்ட கைதிகளின் குடியேற்றமாக இருந்தது. முதற் கப்பற்படை 1788 ஜனவரியில் அங்கே கரை சேர்ந்தது. மக்கார்தர் குடும்பம் 1790-இல் சென்ற இரண்டாம் கப்பற்படையில் 'நெப்டியூன்' என்னும் கப்பலில் புறப்பட்டது. வரலாற்றில் இழிபெயர் பெற்ற பயணம் அது. சங்கிலியால் பிணைக்கப்பட்டுப் பட்டினி கிடந்த கைதிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டனர்.

அலுவலர் குடும்பமாயினும், எலிசபெத் அம்மையாரின் அறைக்கும் கைதிப் பெண்களின் இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பே இருந்தது. ஜான் கப்பல் தலைவருடன் பூசலிட்டதன் விளைவாக, நடுக்கடலிலேயே குடும்பம் 'ஸ்கார்பரோ' என்னும் கப்பலுக்கு மாறியது. கணவர் நோயுற்றார், கைக்குழந்தை எட்வர்டும் நலிந்திருந்தான். கருவுற்றிருந்த அம்மையார் இருவரையும் பேணினார். பயணத்திலேயே குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. அக்குழந்தையின் கல்லறை கடலே. 1790 ஜூன் 28-ஆம் நாள் அவர்கள் சிட்னித் துறைமுகத்தை அடைந்தபோது அம்மையாருக்கு வயது 23.

அங்கே அவரைப் போன்ற கல்வியுடைய பெண்கள் மிகச் சிலரே. கைதிகளுக்குக் குருவாக வந்திருந்த ரிச்சர்ட் ஜான்சன் ஐயரின் மனைவி மேரி ஜான்சன் அவர்களுள் ஒருவர். அவருடைய நட்பால் தமக்கு மகிழ்ச்சியோ பயனோ இல்லை என்னும் கருத்தில் எலிசபெத் அம்மையார் தம் தோழிக்கு எழுதினார். குருமனையில் வளர்ந்தவர் வேறொரு குருவானவரின் மனைவியைப் பற்றி எழுதிய இத்தீர்ப்பு கடுமையானது. அதே மேரி ஜான்சனும் அவர் கணவரும், 1789-இல் பரவிய பெரியம்மையால் உற்றாரை இழந்த பூராங் என்னும் பழங்குடிச் சிறுமியைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டவர்கள். தம் மகளுக்கு மில்பா என்று அம்மண்ணின் பெயரையே சூட்டியவர்கள். கல்வியின் மெருகும் அன்பின் ஆழமும் எப்போதும் ஒரே இல்லத்தில் குடியிருப்பதில்லை என்பதனை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அம்மையார் சோம்பியிருக்கவில்லை. வில்லியம் டாஸ் என்னும் அலுவலரிடம் வானநூல் கற்க முயன்றார். அது கடினமாகத் தோன்றவே, தாவரவியலுக்குத் திரும்பினார். 1791 மார்ச் மாதத்தில் எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியை அவர் விவரிக்கின்றார். தாரிங்கா என்னும் பழங்குடிப் பெண், பிறந்து சில நாள்களே ஆன தன் பெண் குழந்தையை மரப்பட்டையில் பொதிந்து எடுத்துவந்து அவருக்குக் காட்டினாள். அம்மையார் அவளுக்கு உணவளித்துப் பேணச் செய்தார். அந்த மென்பட்டையில் ஒரு துண்டையும் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டார். தம் பெண் குழந்தையைக் கடலுக்குக் கொடுத்துச் சில மாதங்களே ஆன ஒரு தாய், வேறொரு தாயின் பெண் குழந்தையை நோக்குகின்றார். இச்சந்திப்பை நாம் மறவாதிருப்போமாக. பின்னர் இதனிடத்திற்குத் திரும்புவோம்.

3. எலிசபெத் பண்ணை

1793-ஆம் ஆண்டு, பொறுப்பு ஆளுநராக இருந்த பிரான்சிஸ் குரோஸ், படை அலுவலர்களுக்கு நிலமும், அதில் உழைக்கக் கைதிகளும் வழங்கினார். சிட்னிக்கு மேற்கே ஆற்றங்கரையிலுள்ள பரமட்டாவில் ஜான் மக்கார்தருக்கு 100 ஏக்கர் கிடைத்தது. அவர் அதற்கு 'எலிசபெத் பண்ணை' என்று மனைவியின் பெயரையே இட்டார். அங்கே 68 அடி நீளமும் 18 அடி அகலமும் உடைய செங்கல் வீடு எழுந்தது. அவ்வீட்டின் பகுதிகள் இன்றும் நிலைத்துள்ளன. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டிய கட்டடங்களுள் எஞ்சியவற்றில் மிகப் பழையது அதுவே.

கோதுமை, மக்காச்சோளம், பழமரங்கள், பன்றிகள், கோழிகள் என்று பண்ணை வளர்ந்தது. ஆடுகளைப் பொறுத்தவரையில் நம் நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. மக்கார்தரின் மந்தைக்குத் தொடக்கமாக அமைந்தவை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த வங்காளச் செம்மறிகளே. அவற்றின் மேல் கம்பளியைவிட முரட்டு மயிரே மிகுதி. அவற்றை அயர்லாந்து ஆடுகளுடன் இணைத்தபோது குட்டிகளின் மயிர் மென்மையுறுவது தெரிந்தது. 1797-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஸ்பானிய மெரினோ ஆடுகள் வந்தன. மக்கார்தர் குடும்பத்தாரும், பரமட்டாவின் குருவானவரான சாமுவேல் மார்ஸ்டென் ஐயரும், வேறு சிலரும் அவற்றைப் பெற்றனர். மெரினோப் பொலிகடாக்களைத் தனியே காத்து, கலப்பில்லாத மந்தை ஒன்றைப் பேணுவதே கம்பளியின் தரத்தை உயர்த்தும் வழி. பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்யவேண்டிய பணி அது. ஜான் மக்கார்தரிடம் ஆயிரம் திட்டங்கள் இருந்தன. ஆனால் பொறுமை இல்லை.

4. தலைவன் இல்லாத பண்ணை

1801-ஆம் ஆண்டு ஜான் தம் மேலதிகாரியான பாட்டர்சனுடன் துப்பாக்கிப் போர் புரிந்து அவரைக் காயப்படுத்தினார். ஆளுநர் கிங் அவரை விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1805 ஜூன் வரை அவர் திரும்பவில்லை. மூன்று சிறு குழந்தைகளுடன் அம்மையார் பண்ணையை நடத்தினார். 1804 மார்ச் மாதத்தில் அயர்லாந்துக் கைதிகள் காசில் ஹில் என்னுமிடத்தில் கலகம் செய்தபோது, எலிசபெத் பண்ணைக்குத் தீவைத்துப் படையினரை அங்கே ஈர்ப்பது அவர்களுடைய திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இரவோடு இரவாக அம்மையார் குழந்தைகளுடனும் மார்ஸ்டென் குடும்பத்தாருடனும் படகேறிச் சிட்னிக்குத் தப்பினார். கலகம் அடங்கியபின் மீண்டும் வந்து பணியைத் தொடர்ந்தார்.

இங்கிலாந்தில் ஜான் தம் குற்றச்சாட்டையே வாய்ப்பாக மாற்றிக்கொண்டார். கம்பளி மாதிரிகளைக் காட்டி, அரச மந்தையிலிருந்து மெரினோ ஆடுகளை வாங்கினார். காலனிச் செயலராக இருந்த கேம்டன் பிரபு 5,000 ஏக்கர் வழங்க ஆணையிட்டார். பரமட்டாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், நெப்பியன் ஆற்றுக்கு அப்பால் அமைந்த அந்நிலம் கேம்டன் எனப் பெயர் பெற்றது.

ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1808 ஜனவரி 26-ஆம் நாள் ஆளுநர் பிளை படையினரால் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அக்கிளர்ச்சியின் பின்னணியில் முதன்மையாக நின்றவர் ஜான் மக்கார்தர். 1809 மார்ச்சில், ஜேம்ஸ், வில்லியம் என்னும் இளைய மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்தால் விசாரணைக்கு உட்பட நேரும் என்பதால் 1817 செப்டம்பர் வரை அங்கேயே தங்க நேர்ந்தது. எட்டரை ஆண்டுகள்! அம்மையாருக்கு அப்போது வயது 42. உடல்நலம் குன்றிய மூத்த மகள் எலிசபெத், இளைய மகள் மேரி, முந்தின ஆண்டு பிறந்த எம்மலீன் ஆகியோர் அவருடன் இருந்தனர். மகளுக்கு ஆசிரியையாக 1805-இல் வந்த பெனலோப்பி லூகஸ் அம்மையார் குடும்பத்துடனேயே தங்கி உற்ற துணையானார்.

இந்த எட்டரை ஆண்டுகளில் அம்மையார் ஆற்றிய பணியைப் பகுத்துக் காண்பது நலம். முதலாவது, மந்தை. எந்தப் பொலிகடாவை எந்தப் பெட்டை ஆடுகளுடன் சேர்ப்பது, எதனை விற்பது, எதனைக் காப்பது என்பவற்றை அவர் முடிவு செய்தார். இரண்டாவது, ஆட்கள். மேய்ப்பர்களும் உழவர்களும் பெரும்பாலும் கைதிகள். அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, வேலை வாங்கி, பிணக்குகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. கேம்டனிலுள்ள தொலைமந்தைகளைக் காண அவரே பயணம் செய்தார். மூன்றாவது, வணிகம். மயிர் கத்தரித்தல், கழுவுதல், தரம் பிரித்தல், பொதி கட்டுதல், கப்பலேற்றுதல் ஆகியவற்றை மேற்பார்த்தார். ஒரு கடிதம் இங்கிலாந்து சென்று மறுமொழி வர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே கணவரின் அறிவுரை வருமுன்னே முடிவுகளை எடுத்தாக வேண்டும். நான்காவது, கணவர் பகைத்துக்கொண்ட அரசாங்கத்தாருடன் நல்லுறவைக் காத்தல். ஆளுநர் மக்வாரி அவரை மிகவும் மதித்தார். வேளாண்மையை மேம்படுத்திய அவர் பணியைப் பாராட்டிப் பரமட்டாவுக்கு அருகே 600 ஏக்கர் நிலம் வழங்கினார்.

ஜான் தம் கடிதங்களில் மனைவியின் திறமையை நன்றியோடு ஒப்புக்கொண்டார் என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஆயினும் 1822-இல் லண்டன் கலைச் சங்கம் கம்பளிக்காக வழங்கிய தங்கப் பதக்கங்கள் அவர் பெயருக்கே உரியனவாயின. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவருடையதே. நியூ சவுத் வேல்ஸில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1879-இல்தான் நிறைவேறியது. அம்மையார் வளர்த்த மந்தையில் ஓர் ஆட்டுக்குட்டியும் சட்டத்தின் கண்ணில் அவருடையது அன்று.

5. பிள்ளைகளும் பிரிவுகளும்

அம்மையார் ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். கடலில் மாண்ட பெண் மகவும், ஜேம்ஸ் என்று பெயரிடப்பட்டு மழலைப் பருவத்திலேயே இறந்த ஓர் ஆண் மகவும் தவிர, எழுவர் வளர்ந்தனர். இறந்த மகனின் பெயரையே அடுத்துப் பிறந்தவனுக்கும் இட்டனர்.

ஆண் பிள்ளைகளைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கம் இத்தாயின் நெஞ்சைப் பலமுறை பிளந்தது. மூத்த மகன் எட்வர்ட் சிறுவனாகவே சென்றார். பின்னர் படைத்தலைவராகி, 1856-இல் விக்டோரியா மாநிலத்தின் நிர்வாகப் பொறுப்பையும் வகித்தார். ஜான் என்னும் மகன் 1801-இல் தந்தையுடன் சென்றபோது அவனுக்கு ஏழு வயது. அவன் லண்டனில் வழக்கறிஞராகி, குடும்பத்தின் வணிகத்தைக் கவனித்து, 1831-இல் இறந்தான். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் தாய் அவனை ஒருமுறையேனும் காணவில்லை. ஒரு குழந்தையின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதனுக்குக் கடிதம் எழுதுவது எத்தகைய தாய்மை என்பதை, அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் சபைப் பெற்றோர் உணர்வர்.

ஜேம்ஸும் வில்லியமும் 1817-இல் வாலிபர்களாகத் திரும்பி வந்து கேம்டன் பண்ணையைப் பெரிதாக்கினர். 1838-இல் ஜெர்மானியத் திராட்சைத் தோட்டக்காரர்களின் குடும்பங்களை வரவழைத்தனர். கேம்டனில் தூய யோவான் ஆலயம் எழுவதற்கும் இக்குடும்பமே துணைநின்றது. அவ்வாலயம் 1849-இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. மகள்களுள் மேரி, ஜேம்ஸ் பௌமன் என்னும் மருத்துவரை மணந்தார். எலிசபெத் மணமாகாமலே 1842-இல் இறந்தார். கடைக்குட்டி எம்மலீன் 1843-இல் ஹென்றி பார்க்கரை மணந்தார். பின்னாளில் அவர் நியூ சவுத் வேல்ஸின் முதலமைச்சரானார்.

6. தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்

ஜான் மக்கார்தரின் மனநிலை நெடுங்காலமாகவே எல்லையற்ற ஊக்கத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே ஊசலாடியது. முதுமையில் அது முற்றியது. மகன் ஜானின் மரணச் செய்தியும் அவரைத் தாக்கியது. 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கு உண்மையாய் இருந்த மனைவியின் கற்பின்மீதே அவர் பழி சுமத்தினார். மகள்களையும் வீட்டைவிட்டு விரட்டினார். 1832-இல் அவர் சித்தம் கலங்கியவர் என்று சட்டமுறைப்படி அறிவிக்கப்பட்டது. தம் பெயரைத் தாங்கிய பண்ணை வீட்டிலேயே அம்மையார் தங்க இயலாத நிலை ஏற்பட்டது. 1834 ஏப்ரலில் ஜான் கேம்டனில் இறந்தார். இறுதிக் காலத்தில் மனைவியின் முகத்தைக் காண அவர் இசையவில்லை.

இந்நோயைக் கொடுமை என்று மட்டும் காண்பதும் தவறு. அதனால் அம்மையார் பட்ட துன்பத்தை மறைப்பதும் தவறு. அவர் கணவரை நோயாளியாகக் கருதினார், பகைவராகக் கருதவில்லை. ஆலோசனை நாடி நம் குருமனைகளுக்கு வரும் பெண்களுள் இத்தகைய துன்பத்தைச் சுமப்போர் உளர். பொறுத்துக்கொள் என்னும் ஒரு சொல்லை மட்டும் அவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தல் ஆகாது. அம்மையாரின் பிள்ளைகள் தாயைப் பாதுகாப்பான இடத்தில் வைத்தனர். தந்தைக்கும் காவலும் பராமரிப்பும் ஏற்படுத்தினர். இரண்டும் சேர்ந்ததே அன்பு.

அதன்பின் 16 ஆண்டுகள் அம்மையார் விதவையாக வாழ்ந்து, 1850 பிப்ரவரி 9-ஆம் நாள் தம் 83-ஆம் வயதில் சிட்னிக்கருகில் கடற்கரையோரத்தில் உயிர்நீத்தார். கேம்டனில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1790-இல் விட்டுவந்த இங்கிலாந்தை அவர் மீண்டும் காணவேயில்லை.

7. நிலம் யாருடையது?

இதுவரை கூறியது உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. பரமட்டா என்னும் பெயரே அங்கு வாழ்ந்த பழங்குடியினரின் சொல். டாருக் மக்களைச் சேர்ந்த புரமட்டகல் குலத்தார் அவ்வாற்றில் விலாங்கு பிடித்து வாழ்ந்தனர். 1793-இல் வழங்கப்பட்ட 100 ஏக்கரை அவர்கள் விற்கவில்லை, கொடுக்கவுமில்லை. உழுத நிலம் மட்டுமே உடைமை என்று வந்தவர்கள் கருதினர். வேட்டைக்காடும் கிழங்கு தோண்டும் கரையும் அவர்கள் கண்ணுக்கு வெற்றிடமாகத் தோன்றின.

பெமுல்வுய் என்னும் வீரர் குடியேற்றத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டார். 1797-இல் பரமட்டாவில் நடந்த மோதலில் குண்டுக் காயங்களுடன் பிடிபட்டுத் தப்பினார். 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலை வெட்டப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அவருடைய மகன் டெட்பரி மக்கார்தர் இல்லத்துக்கு வந்துபோகும் பழக்கமுடையவர் என்பது வியப்பானது. பகைமையும் நட்பும் ஒரே முற்றத்தில் நின்றன.

கேம்டனிலும் இதுவே நிகழ்ந்தது. வறட்சியும் நெருக்கடியும் மிகுந்த 1814 முதல் 1816 வரையிலான ஆண்டுகளில் மோதல்கள் மூண்டன. அம்மையாரின் பணியாளர் சிலரும் உயிரிழந்தனர். அவரை மதித்த அதே ஆளுநர் மக்வாரி படையை ஏவினார். 1816 ஏப்ரல் 17-ஆம் நாள் விடியுமுன், கேம்டனுக்கு அருகிலுள்ள ஆப்பினில் பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 14 பேர் சுடப்பட்டும் செங்குத்தான பாறையிலிருந்து விழுந்தும் மாண்டனர். கம்பளி விளைந்த மேய்ச்சல் நிலத்தின் மற்றொரு வரலாறு இது.

அக்காலத்தவருக்கு வேறு பார்வை இயலாததாயிருந்ததோ எனின், அவ்வாறன்று. அம்மையாருக்கு வானநூல் கற்பித்த டாஸ் ஒரு சான்று. பட்டியகரங் என்னும் பழங்குடிப் பெண்ணிடம் அம்மக்களின் மொழியைக் கற்று ஏட்டில் எழுதியவர் அவர். 1790 டிசம்பரில், ஆளுநரின் வேட்டைக்காரன் ஒருவன் ஈட்டியால் குத்தப்பட்டதற்குப் பழிவாங்கப் படை அனுப்பப்பட்டபோது, டாஸ் செல்ல மறுத்தார். ஜான்சன் ஐயருடன் பேசியபின் சென்றார். படை ஒருவரையும் பிடிக்காமல் திரும்பியது. சென்றதற்காக வருந்துவதாகப் பின்னர் அவர் ஆளுநரிடமே கூறினார். படைவீரனின் மனச்சாட்சி விழித்திருந்தபோது குருவானவரின் ஆலோசனை அதனை உறங்கச் செய்தது என்பது நம் பணியில் உள்ளோர் நெஞ்சில் தைக்கவேண்டிய செய்தி.

மார்ஸ்டென் ஐயரும் விதிவிலக்கல்லர். அவர் 1814-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நியூசிலாந்தில் சுவிசேஷத்தைப் பிரசங்கித்தவர். ஆயினும் தம் சேகர எல்லைக்குள்ளேயே நிலமிழந்து நின்ற மக்களிடத்தில் அத்தகைய நம்பிக்கை அவருக்கு இருக்கவில்லை. கடலுக்கு அப்பாலுள்ள ஆத்துமாக்களைக் கண்ட கண், வேலிக்கு அப்பாலுள்ளோரைக் காணவில்லை.

8. மற்றொரு தாய்

பரமட்டாவில் பண்ணைத் தாய் ஒருவர் மட்டும் வாழவில்லை. டாருக் மக்களின் தலைவர் யாரமுண்டியின் மகள், மரியா என்னும் பெயரால் அறியப்பட்டவர். முன்னாள் மிஷனரியான வில்லியம் ஷெல்லியின் பொறுப்பில் 1815-இல் பரமட்டாவில் தொடங்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளின் கல்விச்சாலையில் அவர் பயின்றார். 1819-இல் நடந்த பொதுத் தேர்வில் வெள்ளையர் பிள்ளைகளையும் விஞ்சி முதற்பரிசு பெற்றார். 1824-இல் பரமட்டாவின் தூய யோவான் ஆலயத்தில் ராபர்ட் லாக் என்னும் கைதித் தச்சரை மணந்தார்.

1831-இல் மரியா லாக் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இறந்த தம் சகோதரர் கோல்பிக்கு உரிய நிலம் தமக்கு வேண்டும் என்பதே அதன் பொருள். கல்விச்சாலையில் கற்ற எழுத்தைக்கொண்டே தம் மூதாதையரின் மண்ணில் ஒரு துண்டைக் கேட்டார். பிளாக்டவுனிலுள்ள அந்த 30 ஏக்கர் 1843-இல் அவருக்குக் கிடைத்தது. 1878-இல் அவர் இறந்தபின் அது பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்களுடைய சந்ததியார் ஏறத்தாழ 1920 வரை அதில் வாழ்ந்தனர். பின்னர் பழங்குடிப் பாதுகாப்பு வாரியம் அதனைப் பறித்துக்கொண்டது. இன்றைய டாருக் மக்களுள் பலர் மரியாவின் வழிவந்தோரே.

மக்கார்தர் அம்மையாரின் வழிவந்தோர் இன்றும் கேம்டனில் வாழ்கின்றனர். எலிசபெத் பண்ணை வீடு 1984 முதல் அரசு அருங்காட்சியகமாக விளங்குகின்றது. இரு தாய்மாரும் எழுத்தறிந்தவர்கள்; இருவரும் பெருங்குடும்பத்தைத் தாங்கியவர்கள்; இருவரின் பெயரிலும் ஆளுநர்கள் நிலம் அளித்தனர். ஒரு குடும்பத்தின் நிலம் நிலைத்தது. மற்றதன் நிலம் நிலைக்கவில்லை. இவ்வேறுபாட்டை உழைப்பின் அளவால் விளக்க இயலாது.

முடிவுரை

பெண்கள் ஞாயிறன்று நாம் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை வாசித்து, வயலை ஆராய்ந்து வாங்கி, கம்பளியைத் தேடி, வீட்டாரைப் போஷிக்கும் குணசாலியைப் புகழ்கின்றோம். எலிசபெத் மக்கார்தர் அம்மையாருக்கு அவ்வதிகாரம் முற்றும் பொருந்தும். அவருடைய கைகளின் பலனை அவருக்கே கொடுப்பது வரலாற்றாசிரியரின் கடமை. நம் சபைப் பதிவேடுகளில் இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதப்பட்டுள்ள பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் உழுத வயல், நடத்திய பள்ளி, அடைத்த கடன், ஆலயத்துக்குக் கொடுத்த காணிக்கை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கும் பணி இறையியல் மாணவர்களுக்குக் காத்திருக்கின்றது.

ஆனால் அவ்வதிகாரத்துடன் முதலாம் இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தையும் நாம் வாசித்தாக வேண்டும். நாபோத்தின் திராட்சத்தோட்டம் யாருடைய சுதந்தரம் என்று அங்கே தீர்க்கதரிசி வினவுகின்றான். அம்மையார் யேசபேல் அல்லர். எவருடைய இரத்தத்தையும் சிந்தும்படி அவர் முத்திரையிட்டுக் கடிதம் எழுதவில்லை. எனினும் நாபோத்தின் மண்ணில் நின்றே அவர் குணசாலியாக விளங்கினார். நற்குணமுள்ள ஒருவர் அநீதியின் பயனை அறியாமலே, அல்லது பாதி அறிந்தே, வாழ்நாள் முழுவதும் நுகரக்கூடும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் கடினமான பாடம்.

1791-இல் தோழிக்கு எழுதிய கடிதத்தில் நாம் கண்ட இரு தாய்மாரை இப்போது நினைவுகூரலாம். தாரிங்காவின் குழந்தையை அம்மையார் கண்டார், இரங்கினார், உணவளித்தார். அவ்விரக்கம் மெய்யானதே. ஆனால் அக்குழந்தை வளர்ந்து எந்நிலத்தில் வாழும் என்னும் வினா அவருடைய கடிதத்தில் எழவில்லை. ஏழைத் தாய்க்கு உணவளிப்பதோடு திருச்சபையின் பணி முடிவதில்லை. அவள் பிள்ளை நிற்கவேண்டிய மண்ணைப் பற்றியும் அது கேட்கக் கடமைப்பட்டுள்ளது. ஆலய நிலங்களும் பள்ளி நிலங்களும் பங்களாத் தோட்டங்களும் நம் சபைகளின் கையில் உள்ளன. அவற்றின் பத்திரங்களைப் பேணும் நாம், அப்பத்திரங்களுக்கு முன் அங்கே குடியிருந்தவர் யார் என்றும் விசாரிப்போமாக.